தாளத்துக்குப் பிந்தும் பாட்டுக்காரி

வாவியைக் கடக்கப் படகுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒருவர் மனைவியிடம் சொன்னார்: "என்ட கால்ல பிழையில்ல புள்ள. அந்தப் பாட்டுக்காரிதான் பிந்திப் பாடுறாள்."

அக்கரையில் மின்சாரமில்லை. போர்க்காலம் என்பதால் பட்டரி கொண்டுபோகவும் ராணுவத் தடை. ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதித்தால்தான், டைனமோவில் கசட் பாடும்.

"பாட்டு இழுபட்டதுக்கு, சோத்துக்குக் கேடு, ஒழுங்கா மிதிக்க ஏலாதா எண்டு என்னை ஏசினியே! இண்டைக்கு டவுன் கடையில கரன்டில போட்டும் அப்பிடித்தானே இழுத்தாள்? கடைக்காரன் சொன்னானே, ஜாஸ் பாட்டு எண்டா அப்பிடித்தானாம். ஊரறிஞ்ச பழைய பாட்டுக்கும் தாளத்துக்குப் பின்னால ஆடியசைஞ்சுதான் வருவாளாம்."

"அவளே கட்டின பாட்டுக்கு?"

"அதுக்கு இன்னும் பிந்துவாள். மன்னிப்புக் கேளுகா."

"ஓம், ஏசினது பிழைதான். வீட்ட போனதும் ஏறி மிதியுங்க. அவள் எவ்வளவு வடிவாப் பிந்துறாள் எண்டு இனித்தானே நான் கேக்கணும்."