சிஸ்டர் பிரிசில்லா கேட்ட முதல் கேள்வி

ஏழு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் டாக்டர் அவர்களே! கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கும் செவிலியர்களே! சிஸ்டர் பிரிசில்லாவால் தூக்கத்தைத் திரும்பப் பெற்ற தாய்மார்களே! வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில், செவிலியராக இருந்த பிரிசில்லா அம்மையாரை அன்பின் வடிவம் என்பீர்கள், தியாகச் சுடர் என்பீர்கள். அவர் செய்த வேலை என்ன என்று யாராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். கூச்சம்! நான் சொல்கிறேன்.

2004-ல், கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. ஒரு தாளை நீட்டினார்கள்; கையெழுத்துப் போட்டேன். எம்.ஏ. படித்தவன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நம் பக்கத்தில் யார்தான் படிக்கிறோம்? 'யூட்ரஸ் எடுத்தாச்சு' என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தாள்களைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

ஒரே வாரத்தில் தொடங்கியது. மார்கழிக் குளிரிலும் மின்விசிறிக்குக் கீழே வியர்த்து நனைந்தாள். தூக்கம் போயிற்று. மூட்டெல்லாம் வலி. சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுந்தாள். நான் என்ன செய்தேன்? 'திமிரு ஜாஸ்தியாயிடுச்சு' என்றேன். வேறு அறையில் போய்ப் படுத்தேன். இரண்டு ஆண்டுகள்!

சிதம்பரத்தில் பிரிசில்லா வாரம் ஒருநாள் பெண்களின் உடல்நலக் குறைகளைக் கேட்க நடத்திய புதன்கிழமை அறைக்கு அவளை அழைத்துப் போனதும் நானல்ல, அவளுடைய அக்காள். நான் துணைக்குப் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிரிசில்லா கேட்ட முதல் கேள்வி: "சினைப்பை இருக்கா, அதையும் எடுத்துட்டாங்களா?"

"கர்ப்பப்பைதான் சிஸ்டர் எடுத்தாங்க" என்றாள் என் மனைவி.

"அது தெரியும்மா. தாள் எங்க? பீரோவுலயா? பீரோவுக்கா வேர்க்குது? போயி எடுத்துட்டு வாங்க சார்."

எடுத்து வந்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. சினைப்பை இரண்டையும் எடுத்திருந்தார்கள். அதோடு பின்னடித்து இணைத்திருந்த சம்மதத் தாளிலும் அதே வரி. அதன் கீழே என் கையெழுத்து. அன்று மூடிய வாயைத்தான் இன்று திறக்கிறேன்.

"இது திமிரு இல்ல சார். சினைப்பை சுரக்குற, மெல்ல மெல்லக் கொறைய வேண்டிய ஹார்மோன ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. இப்படியே விட்டா எலும்பும் தேயும்."

மாத்திரையை அவர் எழுதவில்லை. அது தன் வேலை அல்ல என்பார். ரத்த அழுத்தம் பார்த்தார். மார்பில் கட்டி உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் புற்றுநோய் உண்டா என்று விசாரித்து, ஒரு பெண் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். அவர் ஈஸ்ட்ரோஜன் எழுதினார். மாதவிடாய் தானாக நிற்கும் வயதுவரை சாப்பிட வேண்டும், ஆண்டுக்கொரு முறை பரிசோதனையோடு. ஒரு மாதத்தில் என் மனைவி தூங்கினாள்.

அதையும் கெடுத்தேன். மருந்துக்கடை வைத்திருக்கும் என் மச்சான், "ஹார்மோனா மாமா? கேன்சர் வந்துடும்" என்றான். மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தேன். மீண்டும் வியர்வை, மீண்டும் அழுகை. பிரிசில்லா தன் ஊரான கிள்ளையிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வயசானப்புறம் ஆரம்பிக்கிறவங்க கதை வேற, முப்பத்தாறுல எடுத்தவங்க கதை வேற. பயமா இருந்தா டாக்டரக் கேளுங்க சார். மச்சானக் கேக்காதீங்க!"

மார்பில் புற்றுநோய் வந்து, ஹார்மோன் ஆகாது என்று சொல்லப்பட்ட பெண்களையும் அவர் கைவிட்டதில்லை. வேறு மருந்துக்கு மருத்துவரிடம் வழி கேட்டுச் சொன்னார், கூடவே நடந்தார்.

டாக்டர் அவர்களே! அந்த முதல் கேள்வியை அவர் உங்கள் நர்சிங் ஹோமில்தான் கேட்கத் தொடங்கினார். எடுத்தது என்ன என்று நோயாளிகளிடம் சொன்னார் என்பதற்காக அவரை வேலையிலிருந்து அனுப்பினீர்கள். இன்று அவர் படத்துக்கு முதல் மாலை உங்களுடையதாம்! எப்படிப் பொறுப்பது?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எழுந்து நின்று சொல்லத்தான் போகிறோம். அதற்கு முன், ஆண்களே, வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து அந்தத் தாளைப் படிப்பீர்களா? புதன்கிழமை அறைக்கு அதை எடுத்து வருவீர்களா? அவர் இல்லை என்று அந்த அறையைப் பூட்ட விடக்கூடாது. நான் விடமாட்டேன்!

நேற்று இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். சொன்னாள்: "அனுப்புங்க. அந்தம்மாவுக்கு இதாவது செய்யணும். ஆனா என் ஒடம்புக்கு வெலாசம் எழுதி அனுப்பிடாதீங்க."

அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். மேடையில் யாராவது வாசியுங்கள். நானும் அவையில் எங்கேயோ உட்கார்ந்திருப்பேன். படிக்காத தாளில் ஒருமுறை கையெழுத்துப் போட்டவன் நான். வரிக்கு வரி படித்துவிட்ட இந்தத் தாளில் போடப் போவதில்லை.