ரத்தம் தராத வீடு

ஓடுகிறேன். முழங்கால் வரை சேறு. காலை ஐந்து நாற்பது. மேலே பாறைகள் ஒன்றோடொன்று அரைபடும் சத்தம்.

“மலை எறங்குது! ஓடுங்க!”

கத்தியது யார், தெரியாது. பால் வாங்க வெளியே வந்திருந்தேன். என் மனைவி ஈஸ்வரியும் ஆறு வயது மகள் வைசாலியும் லயத்துக்குள். திரும்பிப் பார்க்கிறேன். லயம் இல்லை.

அது ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. கம்பம் டவுனுக்கு மேலே, கேரள மலையில். சாதி மாறிக் கல்யாணம் செய்தோம். ஊரில் இருக்க விடவில்லை. அங்கே போனோம்.

ஒன்பதாம் நாள் ஒரு பெண்ணின் இடுப்பும் ஒரு காலும் கிடைத்தன. காணாமல் போன பெண்கள் நான்கு பேர். இது யார்? ஆஸ்பத்திரியில் என் ரத்தம் எடுத்தார்கள். அது மகளைத் தேடத்தான். மனைவியை டிஎன்ஏ மூலம் கண்டுபிடிக்க அவளைப் பெற்றவர்கள், உடன்பிறந்தவர்களின் ரத்தம் வேண்டும்.

ஜெயமங்கலம் போனேன். ஏழு வருடம் கழித்து மாமனார் வீட்டு வாசல். மைத்துனன் வந்தான்.

“ஏலே, அங்கனயே நில்லு! படியில கால வச்ச, வெட்டிருவேன்.”

“ஒரு சொட்டு ரத்தம் போதும். அவதான்னு தெரிஞ்சா எடுத்துட்டுப் போயி எரிச்சுருவேன்.”

“எங்க வீட்ல அப்படி ஒருத்தி பொறக்கவே இல்ல. ரத்தம் குடுத்தா பொறந்தான்னு ஆயிரும்.”

உள்ளே மாமியார் அழுதார்.

“அவுகளயாவது ரத்தம் குடுக்க விடுங்க!” கத்தினேன்.

கல் வந்தது. நெற்றி கிழிந்தது. மாமனார் கதவைச் சாத்தினார். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது போலீஸ்.

இருபத்தாறாம் நாள். ஓடையில், மரவேருக்கு அடியில், ஒரு குழந்தையின் எலும்புகள். என் ரத்தத்தோடு பொருந்தின. வைசாலி.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார்.

“குழந்தையோட டிஎன்ஏல பாதி உங்களது. மீதிப் பாதி அம்மாவோடது. அந்தப் பாதி, ஒன்பதாம் நாள் கெடச்ச பொண்ணோட டிஎன்ஏவோட பொருந்துது. உங்க மனைவிதான்.”

செத்துப்போன பிள்ளை தன் அம்மா யாரென்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் அழுதேன்.

இருவரையும் கம்பத்தில் ஒரே சிதையில் வைத்தேன். ஜெயமங்கலத்துக்கு ஆள் அனுப்பினேன். வந்து அழுவார்கள் என்று அல்ல. அவள் பிறந்தவள்தான் என்று தெரியட்டும். யாரும் வரவில்லை. மாமியாரை மன்னித்தேன். மற்ற இருவரையும் மன்னிக்கவில்லை.

லயத்தில் பதினான்கு பேர் இருந்தோம். உயிரோடு மூன்று. பெயரோடு எரிக்கப்பட்டவர்கள், புதைக்கப்பட்டவர்கள் எட்டு. மூன்று பெண்கள் இன்னும் மண்ணுக்குள். என் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இப்போது நான்.