அழித்த எழுத்துகள்

மின்கட்டணத்தை நான் இன்றைக்கும் வரிசையில் நின்றுதான் கட்டுகிறேன். இணையத்தளம் ஒன்றைத் திறந்தால், நம்மைக் கேட்காமலே அது நம் கணினிக்குள் குட்டிக் குட்டி நிரல்களை இறக்கி ஓட்டும். அவை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் உள்ள கட்டற்ற மென்பொருளா என்று பார்த்த பிறகே நான் ஓட விடுவேன். "ஹரீஷுக்குக் கிறுக்கு" என்பார்கள் நண்பர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாகலூர் சாலையில் ஒரு மாடியறையில், ஞாயிறுதோறும் தொழிற்சாலைப் பெண்களுக்கு இதையெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன். கெலமங்கலத்து வினிதா அங்கேதான் வந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர் பூபதியின் கை சும்மா இருக்காது. பெயர் போடாமல் புகார் எழுத நிர்வாகம் இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது.

"அண்ணா, அதுல நம்பி எழுதலாங்களா? நீங்க பாத்துச் சொன்னா எழுதறேன்."

பார்த்தேன். உரிமக் குறிப்பு ஒழுங்காக இருந்தது. மூல நிரலுக்குச் சுட்டியும் இருந்தது. "கட்டற்ற மென்பொருள்தாம்மா, தைரியமா எழுது" என்றேன். அது கட்டற்ற மென்பொருள் என்பதில் பொய்யே இல்லை.

புகாரின் கீழே, பழக்கதோஷத்தில் தன் பெயரை அடித்துவிட்டு அழித்திருக்கிறாள். அந்த நிரல் அழித்ததையும் சேர்த்தே நிர்வாகத்துக்கு அனுப்பும். மறுவாரம் அவளைப் பூபதிக்கு நேர் கீழே மாற்றினார்கள்.

அழுதுகொண்டே வந்தாள். "பேரே போடலீங்களேண்ணா, எப்பிடித் தெரிஞ்சுது?"

"ரூம்ல யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" என்றுதான் கேட்டேன். மாதேஸ்வரியிடம் சொல்லியிருந்தாளாம். விடுதியில் அவளுக்கு இருந்த ஒரே தோழி. அன்றோடு அந்தத் தோழியோடு பேச்சும் நின்றது. அதன் பிறகு பூபதி கூப்பிட்டால் வினிதாவோடு துணைக்குப் போக ஆளில்லை. குடோனில் நடந்தது, வழக்கை விசாரிக்கிற உங்களுக்கே தெரியும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. குற்றம் என்னுடையதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் புகார்ப் பக்கத்துக்கு, அழித்த எழுத்துகளையும் பிடிக்கிற மாதிரி ஒரு நிரல் வேண்டுமென்று நிர்வாகம் கேட்டபோது, கட்டற்ற உரிமத்தில்தான் எழுதித் தருவேன் என்று கறாராக நின்றவன் நான். உரிமக் குறிப்பில் எழுதியவன் பெயர் இருக்க வேண்டும். என் பெயரை முழுதாகப் போட்டிருந்தேன். அவள் படித்துப் பார்த்திருக்கலாம்.