மீன்களுக்குச் செய்த ஏற்பாடு

கடல்நீர்த் தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான் சார். உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கடல்நீரை அள்ளி ஊற்றினால் உப்பு ஏறி மீன்கள் செத்துப்போகும். என் வீட்டுக்கு வருகிற யாருக்கும் இது தெரியாது. சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ஜெகநாதன். அபர்டீன் பஜாரில் மோட்டார், பம்பு விற்கும் கடை வைத்திருக்கிறேன். மனைவி போன பிறகு ஜங்லிகாட் வீட்டில் நானும் என் அண்ணன் ராக்கப்பனும்தான். ஹாலில் நாலடி நீளத்துக்கு மீன் தொட்டி. மீன்கள் எல்லாம் சென்னையில் ரசீதோடு வாங்கியவை. இந்தத் தீவுகளில் கடலிலிருந்து ஒரு பவளத் துண்டை எடுத்தாலும் குற்றம். நான் சட்டத்தை மீறுகிறவன் இல்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது. பல் ஏற்கெனவே அதிகம் இல்லை. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு இரண்டாகத் தட்டுவார். நேரம் காலம் கிடையாது. மீன்கள் எதையும் கேட்பதில்லை சார். நாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

கோடையில் இங்கே குழாயில் தினமும் தண்ணீர் வராது என்பது உங்களுக்கே தெரியும். நான் தொட்டிக்காக நல்ல தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஷீலா ஒருநாள் குடத்தோடு வாசலில் நின்று கேலி செய்தாள்.

"நாங்க இங்க பானிக்கு அடிச்சுக்கறோம். உங்க மீனுங்களுக்கு ஃபில்டர் தண்ணியா அண்ணா? மனுஷனா பொறந்து என்ன ஃபாய்தா? அடுத்த ஜென்மத்துல உங்க வீட்டு மீனாத்தான் பொறக்கணும்."

அண்ணன் உள்ளறையில் படுத்தபடியே அதைக் கேட்டுச் சிரித்தார். ஒரு பக்க வாயால்தான் அவரால் சிரிக்க முடியும்.

என் மகள் கார்த்திகா சென்னையில் இருக்கிறாள். பேத்திக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். இரண்டு வருடமாக நான் எங்கும் போனதில்லை. ஒரு கல்யாணம் இல்லை, ஒரு கோயில் இல்லை.

"பெரியப்பாவ என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

"ஷீலா பாத்துக்குவாம்மா" என்றேன்.

ஷீலாவிடம், அண்ணனையும் வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். அவளும் கார்த்திகாவும் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை.

வெளியூர் போகுமுன் மீன் வளர்ப்பவன் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. புது ஏற்பாடு எதையும் கடைசி நாளில் செய்யக்கூடாது. வீட்டில் இருக்கும்போதே வைத்துப் பார்த்துவிட வேண்டும். தானாகத் தீனி போடும் கருவியை வாங்கி மாட்டினேன். நம் ஊர் ஈரக் காற்றில் தீனி கட்டியாகி அடைத்துக்கொண்டது. அதன் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். கரண்ட் போனால் தொட்டிப் பம்பு நிற்கக்கூடாதே என்று இன்வெர்ட்டரில் இணைத்தேன். மெயினை அணைத்துவிட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கேன்களில் நல்ல தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் ஒட்டியிருந்த கோடு வரை ஊற்றுவதற்கு ஷீலாவைப் பழக்கினேன். அதன் பிறகுதான் ஹால் சாவியைக் கொடுத்தேன். உள்ளறையில் கடைச் சரக்கு இருக்கிறது, பூட்டியிருக்கும் என்றேன்.

அண்ணனுக்கும் ஏற்பாடு செய்தேன். கட்டில் ஓரம் ரொட்டிப் பாக்கெட்டுகள், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள். நிறையவே வைத்தேன். ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன்.

விடியுமுன் ஆட்டோ வந்தது. அண்ணன் விழித்திருந்தார். என் பெட்டியைப் பார்த்தார்.

"காதுகுத்துக்குப் போறேண்ணே. வந்துடுவேன்."

தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி, குழந்தையின் தலையில் வைப்பது போல் காட்டினார். நான் கதவைப் பூட்டினேன்.

கப்பலில் மூன்று நாளும் சிக்னல் கிடைக்காது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி வரிசையில் நின்றபோதுதான் போன் அடித்தது. ஷீலா.

"எத்தன தடவ போட்டேன் அண்ணா, நாட் ரீச்சபிள். உள்ள ரூம்ல இருந்து ஒரு ஆவாஸ் வருது."

"என்ன சத்தம்?"

"டக் டக்குனு. ரெண்டு ரெண்டா. நீங்க போன அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு. நான் தொட்டில தண்ணி ஊத்தறப்பத்தான் ஜாஸ்தி ஆகுது. இன்னிக்கு மெதுவாத்தான் கேக்குது."

நான் அங்கே கொஞ்சம் யோசித்தேன். அதை மறைக்கவில்லை. பூட்டை உடை என்று சொன்னால் போதும். எனக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தேன்.

"பம்பு குழாய்ல காத்து புகுந்தா அப்படித்தாம்மா தட்டும். தானா சரியாயிடும்."

நான் பம்பு வியாபாரி. அவள் நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி அழைத்தாள். "நீங்க சொன்னது சஹி அண்ணா. சத்தம் நின்னுடுச்சு. மீனுங்க எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்."

காதுகுத்து நன்றாக நடந்தது. பேத்தி கொஞ்சம்தான் அழுதாள். பந்தி முடிந்து கை கழுவும்போது ஷீலா திரும்பவும் கூப்பிட்டாள்.

"அண்ணா, வீட்டுக்குள்ள நிக்க முடியல. அப்படி ஒரு வாடை."

"தொட்டில ஏதாவது மீன் செத்திருக்கும். எண்ணிப் பாரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினாள். அவள் எண்ணுவது எனக்குக் கேட்டது.

"ஏழும் இருக்கு அண்ணா." "அப்ப செத்தது எது?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஏற்பாடு எதுவும் செய்து வைத்திருக்கவில்லை. அவள் புருஷனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

பாட்டில்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை, மூடிகள் மட்டும் நசுங்கியிருந்தன என்று சொன்னீர்கள். ஒரு கையால் மூடியைத் திருக முடியாது என்பது அவசரத்தில் எனக்குத் தோன்றாமல் போயிருக்குமோ என்றும் நீங்களே கேட்டீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் என்னைக் கவனக்குறைவானவன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

விதியைச் சொன்னேன் அல்லவா. வீட்டில் இருக்கும்போதே வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீல் உடைக்காத பாட்டில் ஒன்றை அண்ணன் கட்டிலில் வைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க டம்ளர் சத்தம் கேட்டது. இரண்டு இரண்டாக. விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து போய்ப் பார்த்தேன். மூடி அப்படியே இருந்தது. நானே திறந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். குடித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் காலையில் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தேன்.