பூதக்கண்ணாடிக்கு வந்த சந்தேகம்

எங்கள் அச்சகத்தில் நூற்று நாற்பது பேர். ஒருவருடைய பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை. அன்று காலையில் அவரவர் இடத்துக்கே போய்க் கைகுலுக்கி, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் என் அறைக்குப் போவேன். 'பணியாளர் நலம்' என்று என் கதவில் எழுதியிருக்கிறது. நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி கேள்விப்பட்டு வந்திருப்பீர்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அச்சடிப்பது மருந்து லேபிள்கள். ஒவ்வொரு மாதிரித் தாளையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சான தாளைப் பார்ப்பார். படிக்கிறவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். பார்க்கிற அம்மாளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினொரு வருடமாக அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இயந்திரம் ஓடும்.

ஒருமுறை முதலாளி அவசரத்தில் அந்தக் கையெழுத்து இல்லாமலேயே ஓடவிட்டார். அம்மாள் நடந்துபோய்த் தன் கையாலேயே இயந்திரத்தை நிறுத்தினார். ஒன்றரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் பதினைந்து என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா செஞ்சது சரிதான்யா. அதான் பிரச்சனையே," என்றார் முதலாளி. "சரியா இருக்கிறவங்களை எப்படி வெளிய அனுப்புறது? தானா போற மாதிரி பண்ணு."

"கொஞ்ச நாள் ஆகும் சார்."

"ஆகட்டும். உனக்கு வேற என்ன வேலை?"

மற்ற அலுவலகங்களில் நாற்காலியை மாற்றுவார்கள், விடுமுறையை மறுப்பார்கள், எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள். அது முரட்டு வழி. அதில் மனிதர்களுக்கு வீம்புதான் வரும். ஒருவர் எதன் மேல் நிற்கிறாரோ அதை மெதுவாக உருவ வேண்டும். இவர் தன் கண்களின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

கழித்துப்போட்ட தாள்களில் பிழையுள்ள ஒன்றை எடுத்தேன். பச்சை மை எந்தக் கடையிலும் கிடைக்கும். அவருடைய கையெழுத்து ஒரு கொடி சுருண்டது போல இருக்கும், பழக இரண்டு நாள் போதும். பிறகு அவரை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தாளைக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "என் கையெழுத்துதான் சார். இதை எப்படி விட்டேன்?"

"விடுங்கம்மா. வீட்டுல குழந்தைக்கு வேற உடம்பு சரியில்ல. தூக்கமும் இருக்காது. நான் யார்கிட்டயும் காட்டல. நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். அடிக்கடி வலிப்பு வரும். அது அவருடைய கோப்பில் இருந்தது.

ஆறு மாதத்தில் இப்படி ஐந்து தாள்கள். இடையில் ரேடியோவிடம், அம்மாள் ஏதோ சிகிச்சையில் இருக்கிறார், காட்டிக்கொள்ளாமல் நிதானமாகப் படியுங்கள் என்றேன். ரேடியோ நல்ல மனிதர். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் குழந்தைக்குச் சொல்வது போல இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர்கள் இல்லாமல் இந்த மாதிரி வேலை நடக்காது. "பூதக்கண்ணாடியில கீறல் விழுந்திடுச்சுப்பா" என்று தேநீர் நேரத்தில் ஒருவன் கிண்டல் செய்தான். அவனை எழுத்து மூலம் கண்டித்தேன்.

நான்காம் மாதம் அம்மாள் கேட்க ஆரம்பித்தார். "அண்ணே, இது எட்டா, மூணா?"

"எட்டுதாம்மா. நீ சரியாத்தான் பார்க்கிறே," என்பார் ரேடியோ. அந்தக் கனிவே அம்மாளை இன்னும் பயமுறுத்தியது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பதாக என்னிடம் சொன்னார். கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம். "நீங்க இல்லன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும் சார்." திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் தருவதாக அவரே முடிவு செய்தார். நான் வற்புறுத்தவில்லை.

அதற்கு முந்தைய வியாழன் மதியம் வீட்டிலிருந்து அழைத்தார். மகளுக்கு வலிப்பு நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்கிறார்கள். பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. கணவர் வழியில் வந்துகொண்டிருக்கிறார், போனை எடுக்கவில்லை. கன்னத்துக்குள் விட வேண்டிய மருந்து கையில் இருக்கிறது. எப்போதும் கணவர்தான் விடுவார்.

"ஏழு வயசுக்கு ரெண்டரை மில்லின்னு போட்டிருக்கு சார். எனக்கு ரெண்டரைன்னுதான் தெரியுது. நான் படிச்சது சரியா?"

அந்த லேபிளை அச்சடித்தவர்களே நாங்கள்தான். மாதிரித் தாள் என் அலமாரியில் இருந்தது. ரெண்டரைதான்.

சரியாகத்தான் படிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கண்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஆறு மாத உழைப்பு ஆற்றில் கரைத்த புளியாகியிருக்கும். திங்கட்கிழமைக் கடிதம் வந்திருக்காது. நான் யோசித்தேன். யோசிக்காமல் பேசும் பழக்கம் எனக்கில்லை.

"உங்க கண்ணை நம்பாதீங்கம்மா," என்றேன். "அவர் வந்து படிக்கட்டும். அதுவரைக்கும் மருந்தைத் தொடாதீங்க."

"சரி சார்," என்றார். வைப்பதற்கு முன் நன்றியும் சொன்னார்.

கணவர் வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் குழந்தை போய்விட்டது. மருந்துப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை.

இறுதிச் சடங்குக்கு ஊழியர்கள் போய்வர வேன் ஏற்பாடு செய்தேன். சொன்னபடி திங்கட்கிழமை கடிதம் வந்தது, கணவர் கொண்டுவந்தார். "அவ உங்களைத்தான் சார் சொல்லிக்கிட்டே இருக்கா. தப்பா ஏதும் கொடுத்துடாம நீங்கதான் தடுத்தீங்களாம்," என்றார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஐந்து கையெழுத்தும் நான் போட்டவை. ரெண்டரை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், மறுக்க மாட்டேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அனுபவச் சான்றிதழை நானே உட்கார்ந்து எழுதினேன். இவரைப் போலப் பிழை பார்க்கும் கண்களை நான் கண்டதில்லை என்று, மனதார. மூன்று முறை ஆள் அனுப்பியும் அவர் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. வருத்தம்தான். நாம் செய்யும் நல்லதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்.