வினோத்துக்கு விழுந்த அடி

நெத்திக் கட்டப் பாத்துட்டு வண்டில இருந்து விழுந்தேன்னு நெனச்சீகளாக்கும்? எல்லாரும் அப்படித்தாண்ணே கேக்குறாக. இந்தப் பஸ்ல ஏறுறப்ப, ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கிற அம்மா முதக்கொண்டு கேட்டுருச்சு. வண்டியும் இல்ல, வாய்க்காலும் இல்ல. குடை! வளஞ்ச கைப்பிடி வச்ச நீளக் குடை இருக்குல்ல, அந்தக் கைப்பிடியாலயே நெத்தில ஒண்ணு. அடிச்சது யாருங்கிறீக? எம் பொண்டாட்டி செபஸ்தியம்மாதான். அட, சிரிங்கண்ணே, பரவாயில்ல. அவ நர்ஸு. அடிச்சதும் அவதான், நாலு தையல் போட்டதும் அவதான். "ஆட்டாதீக தலைய"ன்னு அதுக்கு வேற ஒரு அதட்டு!

எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால வந்த வினைண்ணே. ரெண்டாயிரம் பொறக்க இன்னும் நாலு மாசம் கெடக்கு, அதுக்குள்ள காரைக்குடில மூணு ப்ரௌசிங் சென்டர். வெளிய செருப்பு குமிஞ்சு கெடக்கு, கல்யாண வீடு மாதிரி...

நான் கணக்கு வாத்தியாருண்ணே. அருளானந்தம் சாருன்னா தெரியும். நம்மகிட்டப் படிச்சவன் எங்க பாத்தாலும் மொதல்ல கைய முதுகுக்குப் பின்னால கட்டுவான், அப்பறந்தான் வணக்கம் சொல்லுவான். அந்த மரியாதைக்குத்தான் எங்க சர்ச்சுப் பங்குச் சாமியாரு கூப்புட்டாரு. "சார், பிள்ளைக எல்லாம் கம்ப்யூட்டர்ல சாட்டு சாட்டுன்னு அலையுதுக. பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் நல்ல புத்தி சொல்லுங்க"ன்னாரு. எனக்கென்ன? மைக்கக் குடுத்தாப் போதாதா? இன்டர்நெட்டுன்னா கருப்பா செவப்பான்னு அதுவரைக்கும் நான் கண்டதில்ல, அது வேற விசயம்.

பேசுனேன் பாருங்க... மண்டபமே கிடுகிடுத்துப் போச்சு. கண்ணு கெட்டுப்போகும், மூளை கெட்டுப்போகும், குடும்பம் கெட்டுப்போகும்னு கெட்டுப்போற எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். கடைசில ஒரு பய எந்திரிச்சு, "சார், சாட் ரூம்ல தெரியாத ஆளு வந்து பேசுனா என்ன சார் பண்ணணும்?"னு கேட்டான்.

ரூமுங்குறான்ல? நான் யோசிக்கவே இல்ல. "ஒடனே வெளிய வந்து ரூமப் பூட்டிரணும்"னுட்டேன்.

என்னா சிரிப்பு! சாமியாரே கைக்குட்டைய வாயில வச்சுக்கிட்டாரு. அதுகூடப் பரவாயில்லண்ணே. மூணாவது வரிசைல எம் மக ஆஷ்லின், குனிஞ்சு குனிஞ்சு சிரிக்கிறா. ஒத்தப் பிள்ள. காலேஜ்ல பி.எஸ்.சி. கணக்கு, ரெண்டாம் வருசம். கணக்கு எடுக்கச் சொன்னது யாரு? நாந்தேன்.

இருக்கட்டும்டின்னு மறுநாளே கெளம்பிட்டேன். வீட்டுல ஸ்பெசல் கிளாஸ்னு சொல்லிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ப்ரௌசிங் சென்டர். அதக் குருநாதன்னு ஒரு பையன் வச்சிருக்கான், நம்மகிட்டப் படிச்ச பயதான். என்னியப் பாத்ததும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிட்டான். "சார், நீங்களா!"ன்னான். "ஆராய்ச்சிப்பா"ன்னு உள்ள போயி உக்காந்தேன். பலகை வச்சுத் தடுத்த ரூமு, ஒரு ஆளு முழங்கைய மடக்கி உக்காரலாம். அந்த மிசினு ரெண்டு நிமிசம் கீகீன்னு கத்திட்டுத்தான் லைனு கெடைக்கும்.

மொத நாளே எவனோ ஏ.எஸ்.எல்.னு கேட்டான். படிப்பக் கேக்குறான் போலன்னு எம்.எஸ்.சி., பி.எட்.னு அடிச்சேன். அது வயசு, ஆணா பொண்ணா, எந்த ஊருன்னு கேக்குறதாம். அவன் ஓடியே போயிட்டான்!

அப்பறம்... இனிமேதாண்ணே நான் செஞ்ச வேலையே. ஆஷ்லின் நோட்டு அட்டைல 'மழைத்துளி'ன்னு இங்கிலீசுல எழுதி வச்சிருந்தா. இதுதான் அவ சாட்டுப் பேருன்னு பிடிச்சிட்டேன். நானும் ஒரு பேரு வச்சேன். வினோத். வயசு இருவத்திரெண்டு, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் இன்ஜினியரு. வெக்கமா இல்லையாங்கிறீக? இப்ப இருக்குண்ணே. அப்ப இல்ல. எம் மகளுக்குப் பாடம் நடத்துறேன்னுதான் நெனச்சேன். முன்னப்பின்ன தெரியாதவன்கிட்டப் பேசுனா என்னாகும்னு அவளே பட்டுத் தெரிஞ்சுக்கிறட்டும்னு.

அவளும் காலேஜ் பக்கத்துச் சென்டர்ல இருந்து பேசுனா. தெனம் பேசுனா. மழை பெய்யிதான்னு கேப்பா, மத்தியானம் என்ன சோறுன்னு கேப்பா. நானும் ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடிக் குத்துவேன். ஒரு நாளு, "எனக்குக் கணக்குல ஒரு பேப்பர் போயிருச்சு, வீட்டுல சொல்லல. எங்கப்பா கணக்கு வாத்தியார்"னு எழுதுனா.

எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துருச்சு, அந்த ஏ.சி.ல. எந்திரிச்சு நேரா வீட்டுக்குப் போயி ரெண்டு போடு போடுவமான்னு இருந்துச்சு. ஆனா நான் வினோத்துல்ல? வினோத்து எப்படி அடிப்பான்? அப்படியே உக்காந்து எழுதுனேன். "பெயில் ஆவது குற்றமில்லை. நானும் பி.யு.சி.யில் கணக்கில் பெயில் ஆனவன்தான்"னு.

நெசந்தாண்ணே. கணக்கு வாத்தியாரு கணக்குல பெயிலு! கட்டுன பொண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்ல. அங்க போயிச் சொல்லிட்டேன். இருவத்திரெண்டு வயசுப் பய பி.யு.சி. எங்க படிச்சிருப்பான்? அதுதான் பி.யு.சி.ய எடுத்தே பல வருசம் ஆச்சே! கோட்டை விட்டேன்.

அத்தோட நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல. நம்மளுக்குத்தான் பாடம் நடத்தி முடிக்கணுமே. "சனிக்கிழமை பத்து மணி, குன்றக்குடி மலையடிவாரம், தனியாக வரவும். நீலச் சட்டை அணிந்திருப்பேன்"னு அடிச்சேன். அங்கனன்னா நம்ம பங்கு ஆளுக கண்ணுல படமாட்டோம்ல. 'வருகிறேன்'னு பதில் வந்துச்சு. வரமாட்டேன்னு சொல்லுவாள்னுதான... எம் பிள்ள சொல்லுவாள்னுதான இருந்தேன்.

அதக் குருநாதன்கிட்ட பிரிண்டு போட்டு வாங்குனேன். ஆதாரம்! அந்த ஆதாரத்தச் சட்டைப் பையிலயே வச்சிட்டேன். வெள்ளிக்கெழம துணிய ஊறப் போட்டது யாருங்கிறீக?

ஆமாண்ணே. செபஸ்தியம்மா. மழைத்துளி யாருன்னு அவளுக்கு என்ன தெரியும்? புருசன் எவளோ ஒரு சின்னப் பிள்ளைய மலையடிவாரத்துக்குத் தனியா வரச் சொல்லியிருக்கான்னு தெரியும். ஒத்த வார்த்தை கேக்கல. அன்னிக்கு ராத்திரி எனக்கு மீன் பொரிச்சுப் போட்டாண்ணே!

அந்தா, ஜன்னல் வழியா மலை தெரியுது பாருங்க. அந்தப் பூக்கடை இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல... அங்கனதான். புது நீலச் சட்டை, கருப்புக் கண்ணாடி போட்டு நிக்கிறேன். பின்னால இருந்து, "வினோத்து!"ன்னு ஒரு கொரலு. திரும்புனேன். அம்புட்டுத்தான். கண்ணாடி ரெண்டாப் போச்சு. பூக்கட்டுற அம்மா, "இன்னும் ரெண்டு போடு தாயி"ங்குது!

அப்பத்தான் ஆஷ்லின் பஸ்ஸ விட்டு எறங்கி ஓடியாறா. "அம்மா, அடிக்காதீக! அந்த மழைத்துளி நாந்தாம்மா, அப்பா என்கிட்டத்தான் பேசுனாக! எனக்குத் தெரியும்!"னு குறுக்க வந்து விழுந்தா.

எனக்குத் தெரியும்ங்குறாண்ணே! மூணாவது நாளே தெரியுமாம். "எவன்ப்பா சாட்டுல வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைப்பான்? நான் தப்பா எழுதுன ஸ்பெல்லிங்கத் திருத்தி, பத்துத் தடவ எழுதுன்னு எவன் சொல்லுவான்?"ங்குறா. நெத்தில ரத்தம் ஒழுகுது, நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏம்மா பேசுன?"ன்னேன்.

"பேப்பர் போனத நேருல சொல்லப் பயமா இருந்துச்சுப்பா. வினோத்து திட்டமாட்டாருல்ல"ன்னா.

...ஒண்ணுமில்லண்ணே. தூசி.

கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கைல இன்னொண்ணும் சொன்னா. போன மாசம் நெசமாவே எவனோ ஒருத்தன் மதுரைக்கு வான்னு தொல்லை குடுத்தானாம். இவ பேசுறத நிறுத்திப்புட்டா. ஆனா எங்ககிட்ட மூச்சு விடல. ஏன்னு கேட்டா, "சொன்னா கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாதும்பீக. தெரியாத ஆளு கூப்புட்டாப் போகக்கூடாதுன்னு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்ப்பா. கூப்புட்டான்னு யாருகிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல"ங்குறா. ஒரு மணி நேரம் மைக்கப் பிடிச்சுக் கத்துனேனே, இந்த ஒரு வரி என் வாயில வந்துச்சா?

இப்ப சிங்கம்புணரிப் பங்குல கூட்டம், அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம். அங்கயும் என்னியத்தான் பேசக் கூப்புட்டாக. நான் பேசலண்ணே. எம் மக பேசட்டும், பிள்ளைகளுக்குப் பிள்ளை சொன்னாத்தான் காதுல ஏறும்னு சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். அந்தா, முன் சீட்டுல பச்சைத் தாவணி போட்டு உக்காந்திருக்கே, அதுதான் ஆஷ்லின்.

ஏன் இங்குட்டு வந்து தனியா உக்காந்திருக்கேன்னா... என்னத்தச் சொல்ல. அடி வாங்கி எட்டு நாளாச்சு. நேருக்கு நேரு ஒக்காந்தா எனக்குப் பேச்சே வரலண்ணே. முப்பது வருசமா பேசியே பொழச்சவன்...

என்னண்ணே, எந்திரிச்சிட்டீக? திருப்பத்தூருக்கு இன்னும் தூரம் கெடக்கே! எங்க முன்னால போறீக... அய்யய்யோ, அவகிட்ட என்ன சொல்றீக? அண்ணே! அதெல்லாம் வேணாம்ணே, கூப்புடாதீக... வாராளே...

வாம்மா. இல்ல, ஒண்ணுமில்ல, அந்த அண்ணன் சும்மா பேசிக்கிட்டு வந்தாரு... இந்தா, ஜன்னலோரம் நீ உக்காந்துக்கம்மா.