முப்பது சென்டிமீட்டர் மண்

எங்கள் ஊரில் தரையில் எதை வைத்தாலும் உருளும். கால்டர்ஷாவில் பிறந்தவனை வேறு ஊரில் பார்த்தால்கூடச் சொல்லிவிடலாம், ஒரு முழங்காலைக் கொஞ்சம் மடக்கித்தான் நிற்பான். மலைச்சரிவில் மில் கட்டினார்கள், மில்லைச் சுற்றி வீடு கட்டினார்கள், பிறகு வீடுகளை இடித்துவிட்டு அதே சரிவில் அடுக்குமாடி கட்டினார்கள். ஒருவரும் தரையைச் சமப்படுத்த மெனக்கெடவில்லை. அதைச் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

வாயைத் திறக்க வேண்டாம் என்கிறார் என் வக்கீல். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் டெரிக் ஆம்ப்ளர். வயது ஐம்பத்தாறு. வீட்டுவசதிச் சங்கத்தில் பத்தொன்பது வருட வேலை. எங்களிடம் நூற்று நாற்பது குடியிருப்புக் கட்டடங்கள் இருக்கின்றன. தீப்பிடித்தால் எங்கே என்ன ஆகும் என்று போய்ப் பார்த்து எழுதுபவர்கள் இரண்டு பேர், நசீமும் மார்ட்டினும். எந்தக் கட்டடம் முதலில், எது அடுத்து என்று வரிசை போடுபவன் நான். பார்த்து எழுதுவது என் வேலை அல்ல. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் பாதி நசீமிடம் கேட்க வேண்டியவை.

வரிசைக்கு ஒரு விதி உண்டு. பதினெட்டு மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை முதல் பிரிவு. அவற்றை அக்டோபர் முடிவதற்குள் பார்த்துவிடுவோம் என்று சங்கம் எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. அதற்குக் கீழே உள்ளவை இரண்டாம் பிரிவு, மூன்று வருடத்துக்குள். அளப்பது கூரை வரை அல்ல. கட்டடத்தை ஒட்டிய தரையில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து மேல்மாடித் தரை வரை. பதினேழே முக்கால் மீட்டரில் குடியிருப்பவன் எரிய மாட்டானா என்று கூட்டத்தில் நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். குறிப்பேட்டில் இருக்கும், பாருங்கள். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், டெரிக், என்றார்கள். சரி, அது அவர்கள் போட்ட கோடு.

முதல் பிரிவில் முப்பத்தொன்று. ஆகஸ்டில் மார்ட்டினுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. நசீம் ஒருத்தியே ஓடி ஓடிப் பார்த்தாள். நான் எப்படிக் கணக்குப் போட்டாலும் அக்டோபர் முடிவில் முப்பதுதான் வந்தது.

என் மேலதிகாரி ஜூடித் லாம்ப் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிறவர் அல்ல.

"முப்பத்தொண்ணுல முப்பது முடிச்சோம்னு சொன்னா அந்த முப்பதைப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான் டெரிக். அந்த ஒண்ணு என்னாச்சுன்னுதான் கேப்பான்."

"ஒண்ணு மிச்சம் இருக்குங்கறது நிஜம்தானே?"

"நிஜம்தான். அதை நான் போய் எப்படிச் சொல்றது? பாருங்க, ஏதாவது வழி இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். மண் போடச் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

முப்பத்தொன்றில் முப்பது கட்டடங்கள் இருபது மீட்டருக்கு மேல். ஹாலின் ஹவுஸ் மட்டும் 18.21. ஆறு மாடி. முன்பக்கம் மேட்டுத் தெரு, கீழே துணி துவைக்கும் கடை. பின்பக்கம் சரிவு இறங்கி, குப்பைத் தொட்டிகள் நின்ற ஒரு குறுகலான இடம். அங்கேதான் நிலம் மிகத் தாழ்வு. ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். டேப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கட்டடத்தைக் குறைக்க முடியாது. தரையை உயர்த்தலாம்.

நான் எந்தத் தாளிலும் எண்ணை மாற்றவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

குடியிருப்போர் தோட்டத் திட்டம் என்று சங்கத்தில் ஒன்று கிடப்பில் கிடந்தது. அதன் கீழ் உத்தரவு போட்டேன். குப்பைத் தொட்டிகளை முன்பக்கம் மாற்றினேன். செப்டம்பர் மூன்றாம் வாரம் டாரில் என்கிற தோட்டக்காரர் சிறிய மண்வாரி இயந்திரத்தோடு வந்தார். முப்பது சென்டிமீட்டர் மண், மேலே புல் பாளம். வேலை நடுவில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"பின்கதவு வெளிப்பக்கமாத்தானே திறக்குது?"

"ஆமா."

"அப்ப கதவுக்கு முன்னாடி மட்டும் ஒரு பள்ளம் விட்டுடவா? மண்ணைக் கொட்டிட்டா எங்கப்பன் வந்து தள்ளினாலும் திறக்காது."

நியாயமான கேள்வி. ஆனால் பள்ளம் விட்டால் மிகத் தாழ்ந்த தரை அந்தப் பள்ளம்தான். டேப் அங்கிருந்துதான் தொடங்கும். மறுபடியும் 18.21. அப்புறம் தோட்டம் எதற்கு?

"கதவை உள்பக்கம் திறக்கற மாதிரி மாத்தப் போறாங்க. நீங்க நிரப்புங்க," என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அது பொய் அல்ல. அன்று மாலையே கதவை மாற்றச் சொல்லி உத்தரவு அனுப்பினேன். கதவு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் ஆய்வாளரின், அதாவது நசீம் அல்லது மார்ட்டினின், ஒப்புதல் வேண்டும் என்று அது திரும்பி வந்தது. ஆய்வாளர் கட்டடத்தின் முறை வரும்போது வருவார். ஹாலின் ஹவுஸ் அதற்குள் இரண்டாம் பிரிவுக்குப் போய்விட்டிருந்தது. 17.91. நானே அளந்தேன், இரண்டு முறை.

நசீமைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவள் வந்தாள்.

"ஹாலின் ஹவுஸ் பட்டியல்ல காணோமே, டெரிக். சனிக்கிழமை எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை. ரெண்டு மணி நேரத்துல பாத்துட்டு வந்துடறேன். மேல சம்பளமெல்லாம் கேக்க மாட்டேன்."

"அது இப்ப இரண்டாம் பிரிவு."

"இருக்கட்டுமே. பாத்தா என்ன, குத்தமா?"

வேண்டாம் என்றேன். அவள் பார்த்தால் இரண்டாம் பிரிவில் நாற்பதாவது இடத்தில் இருக்கிற கட்டடம் முதலாவதாகப் பார்க்கப்பட்டதாக ஆகும். மற்ற முப்பத்தொன்பது கட்டடக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வரிசை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும்தான். இதில் என்ன தவறு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தோட்டம் அங்கிருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. நான்காம் மாடி வின்னி ஹெப்வொர்த் அக்டோபர் முழுவதும் டாஃபடில் பூக்கிழங்கு ஊன்றினார். அறுபத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், யாரையும் விட்டு வைக்காத வாய். நான் ஒருமுறை போனபோது முட்டி போட்டு மண்ணில் இருந்தார்.

"வாய்யா கண்ணு. இருபது வருஷமா ஒரு பல்பு மாத்த ஆள் அனுப்பாத சங்கம், கேக்காமலே தோட்டம் போட்டுக் குடுத்திருக்கு. புண்ணியம் தேடறீங்களே, உங்கள்ல யாராவது சாகப் போறீங்களா என்ன?"

"நல்லா வந்திருக்கு, மிஸஸ் ஹெப்வொர்த்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்கதவு அசைய மாட்டேங்குது. இந்த முட்டியை வெச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு. பாத்துச் செய் கண்ணு."

பிறகு எழுத்திலும் புகார் கொடுத்தார். மூன்று முறை. தோட்டத்துக்கு வர முடியவில்லை என்று முதலில். தீப்பிடித்தால் எப்படிப் போவது என்று இரண்டாவதில். மூன்றாவதில் என் பெயரைப் போட்டு, நீ அந்த மாடியில் குடியிருந்தால் இப்படி விடுவாயா என்று.

புகார்களை ஒரு மாதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. நவம்பர் இரண்டாம் தேதி அவருக்குக் கடிதம் அனுப்பினேன். ஒரே வரி. "பின்கதவு குறித்த தங்கள் புகார் கவனிக்கப்பட்டது." அது பொய் என்கிறீர்கள். நான் கவனித்தேன். மூன்று கடிதங்களையும் முழுதாகப் படித்தேன். கதவு சரிசெய்யப்பட்டது என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர் அப்படிப் புரிந்துகொண்டார். அதற்குள் மழைக்காலம், முட்டி வலி, தோட்டத்துக்கு அவர் இறங்கவில்லை. கதவைத் தள்ளிப் பார்க்க அவருக்கு அவசியம் ஏற்படவில்லை.

நவம்பர் பத்தொன்பது, ஞாயிறு, காலை பத்தேகால். கீழே துணி துவைக்கும் கடையில் ஒரு உலர்த்தும் இயந்திரம் பற்றிக்கொண்டது. புகை முன்படிக்கட்டில் ஏறியது. பெரும்பாலோர் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு பேர் பின்படிக்கட்டில் இறங்கினார்கள். மூன்றாம் மாடி டோர்டாஃப் தம்பதி, ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த ஸ்டனிஸ்வாஃப் என்ற தச்சர், வின்னி. டோர்டாஃப் அம்மாள் தன் மகளோடு போனில் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறார். வின்னியின் குரல் அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அதைப் போட்டுக் காட்டினீர்கள். என் முகத்தைப் பார்ப்பதற்காக என்று நினைக்கிறேன்.

"வாங்க வாங்க, பின்னாடி போலாம். கதவைச் சரி பண்ணியாச்சு, எனக்கு லெட்டர் வந்துச்சு."

தச்சர் பலசாலி. கதவின் மேல்பாதி ஒரு சாண் அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. கீழ்ப்பாதி அசையவில்லை. இரண்டு மாத மழையில் மண் நன்றாக இறுகியிருந்தது. டாரில் நல்ல வேலைக்காரர். தீயணைப்பு வீரர்கள் மண்வெட்டியால் தோண்டித் திறக்க நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் பின்படிக்கட்டிலும் புகை நிறைந்து நான்கு பேரும் இறந்திருந்தார்கள்.

ஆமாம். கதவு திறக்காது என்று எனக்குத் தெரியும். மண் கொட்டும் முன்பே தெரியும். கொட்டச் சொன்னது நான். பார்க்கிறேன் என்று வந்தவளைத் தடுத்தது நான். கடிதம் எழுதியது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். வருத்தமா என்று கேட்டால், முப்பது கட்டடங்கள் சொன்ன தேதிக்குள் பார்க்கப்பட்டன, ஒன்றில்கூட யாரும் சாகவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜூடித் சொன்னது சரிதான்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். உங்கள் நிபுணர் அறிக்கையில் ஹாலின் ஹவுஸின் உயரம் 18.21 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த மனிதர் தீயணைப்பு வீரர்கள் கதவடியில் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கி நின்று அளந்திருக்கிறார். அது சரியான முறை அல்ல. பள்ளத்தை மூடிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.